வற்றுகிற குட்டைகளையும் கணக்கில் சேருங்கள்: மாநில ஈரநில ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் இன்று 20 ராம்சார் தலங்கள், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள், இருக்கின்றன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் இத்தனை இல்லை. பள்ளிக்கரணைக்கும் கோடியக்கரைக்கும் வேடந்தாங்கலுக்கும் அந்தத் தகுதி கிடைத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில்கூட வர முடியாத நீர்நிலைகளைப் பற்றி. அவற்றில் பலவற்றுக்குப் பெயர் கிடையாது. தனிச் சர்வே எண்ணும் கிடையாது. ஐப்பசி மழையில் நிறைந்து, தை பிறந்து சில நாட்களில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் பள்ளங்கள் அவை. மேய்ச்சல் தரிசின் நடுவில், கல்லாங்குத்துப் புறம்போக்கில், பாறை முதுகின் குழிகளில், செம்மண் பாதையின் ஓரத்தில் என்று எங்கும் இருக்கின்றன. ஆடு மேய்ப்பவர்களுக்கு அவை எங்கே இருக்கின்றன என்று தெரியும். அரசின் ஆவணங்களுக்குத் தெரியாது.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்தில் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இந்தக் குட்டைகளில் வாழும் உயிர்களை மாணவர்களுக்குக் காட்டிக் காட்டியே என் பணிக்காலத்தின் நல்ல பகுதி கழிந்தது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல மழை பெய்து பத்து நாள் ஆன ஒரு குட்டைக்குப் போய், வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் தண்ணீரை மொண்டு, கலங்கல் தெளியும்வரை நிழலில் வைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு விரல் நகத்தை விடச் சற்று நீளமான, ஏறக்குறைய கண்ணாடியால் ஆன ஓர் உயிர் மல்லாந்து நீந்திக்கொண்டிருப்பது தெரியும். வயிற்றுப் பக்கம் மேலே, முதுகு கீழே. இலை போன்ற பதினொரு ஜோடிக் கால்கள் தலையிலிருந்து வால் நோக்கி வரிசையாக அசைந்துகொண்டே இருக்கும்; ஒரு கணமும் நிற்காது. அந்தக் கால்களால்தான் அது நீந்துகிறது, மூச்சு விடுகிறது, நீரிலுள்ள நுண்பாசியையும் பாக்டீரியாவையும் வடிகட்டித் தின்கிறது. இரண்டு கருங்கண்கள் காம்புகளின் நுனியில் பக்கவாட்டில் நிற்கும். பெண்ணாக இருந்தால் வயிற்றுக்குக் கீழே ஒரு பை தொங்கும். உற்றுப் பார்த்தால் அதற்குள் முட்டைகள் உருள்வது தெரியும். ஆணாக இருந்தால் தலையின் முன்னால் கிளை பிரிந்த கொம்பு போன்ற உணர்கொம்புகள் இருக்கும். பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவுபவை அவை.

இதன் அறிவியல் பெயர் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகாட்டமஸ். வில்லியம் பெயர்டு என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர் 1860இல் இதை விவரித்தார். இந்த மடலில் இதையும் இதன் உறவினங்களையும் குட்டை இறால் என்றே எழுதுகிறேன். நாம் சமைக்கும் இறாலுக்கும் இதற்கும் தொலைதூர உறவுதான். உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியாதான் இதற்கு நெருங்கிய சொந்தம். இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் டப்பா டப்பாவாக வாங்கி, குஞ்சுகளுக்குத் தீனியாகப் பொரிக்கிறார்களே, அதே ஆர்ட்டீமியா. மதுரையின் பெயரையே தாங்கிய குட்டை இறால் ஒன்றும் உண்டு: பிராங்கினெல்லா மதுரையென்சிஸ். 1951இல் அது அறிவியலுக்கு அறிமுகமானது. மல்லிகைக்கும் சுங்குடிக்கும் பெருமைப்படுகிற ஊரில், இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட ஒருவரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அதே கிண்ணத்தில் வேறு சிலவும் இருக்கக்கூடும். இரண்டு ஓடுகளுக்குள் உடலை ஒடுக்கிக்கொண்டு, பார்வைக்குக் குட்டிச் சிப்பி போலத் தோன்றினாலும் உள்ளே கால்களை அடித்துக்கொண்டு நீந்தும் சிப்பி இறால்கள். நீர்த்தெள்ளுகள். முதுகில் கவசமும் மூன்று கண்களும் கொண்டு சேற்றைக் கிளறித் திரியும் ட்ரையாப்ஸ் இந்தியாவின் வேறு பல மழைக்குட்டைகளில் உண்டு. ஜப்பானில் நெல் வயல்களில் களைகளைக் கட்டுப்படுத்த அதன் உறவினத்தைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அது சேற்றைக் கிளறுவதால் முளைவிடும் களைகள் பிடுங்கப்பட்டு மிதக்கின்றன, நீர் கலங்குவதால் புதிய களைக்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. இந்த வம்சம் மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில், 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறையில், குட்டை இறாலின் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றுயிரின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. அப்போது டைனோசர்கள் தோன்றியிருக்கவில்லை.

இத்தனை காலம் இவை தாக்குப்பிடித்ததன் சூட்சுமம் முட்டையில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் என் கோரிக்கை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

குளம் வற்றினால் கொக்கு பறந்துவிடும். தவளை மண்ணுக்குள் போய்விடும். குட்டை இறால் எங்கும் போக முடியாது, செத்துப்போகும். ஆனால் சாவதற்குள் அது இட்ட முட்டைகள் சேற்றில் தங்கிவிடுகின்றன. கண்ணுக்கு மண்துகளாகத் தோன்றும் அந்த முட்டைக்குள் கரு ஓரளவு வளர்ந்து, அந்த நிலையிலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. தடித்த ஓடு அதைக் காக்கிறது. சித்திரை வெயிலில் தரை கொதிக்கும்போதும், மாட்டுக் குளம்பு மிதிக்கும்போதும், காற்று புழுதியாக அள்ளிப்போகும்போதும், கொக்கின் வயிற்றுக்குள் போய் எச்சமாக வெளியே வரும்போதும் அந்தக் கரு பிழைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்கிறது. ஜி. ஓ. சார்ஸ் என்ற நார்வே விலங்கியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் காய்ந்த சேற்றைத் தருவித்து, தன் ஊரில் இருந்தபடியே தொட்டியில் நீர் ஊற்றி, அதுவரை யாரும் விவரிக்காத சிற்றுயிர்களைப் பொரிக்கவைத்து வளர்த்தார். நம் சென்னைப் பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆய்வாளர்களும் நம்மூர்க் குட்டை இறாலின் முட்டை ஓட்டின் அமைப்பை நெடுநாள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

மழை பெய்து பள்ளம் நிறைந்ததும் ஓரிரு நாட்களில் முட்டைகள் பொரிகின்றன. ஆனால் எல்லாம் பொரிவதில்லை. ஒரு பகுதி மட்டும் பொரிய, மீதி அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் என்று காத்திருக்கிறது. ஆவணியில் ஒரு பாட்டம் பெய்து, பள்ளம் நிறைந்து, ஐந்தாம் நாளே வற்றிவிட்டால், பொரிந்தவை இனப்பெருக்கம் செய்யாமலேயே மடியும். ஆனாலும் மண்ணில் கையிருப்பு மிச்சமிருக்கும். முதல் மழையை நம்பி விதைநெல் முழுவதையும் தூவிவிடாத சம்சாரியின் நிதானம் அது. பருவமழை பொய்ப்பதும் தவறிப் பெய்வதும் பழகிப்போன நம் வறண்ட மாவட்டங்களில் இந்த ஏற்பாடு இல்லாமல் இவை ஒரு பத்தாண்டுகூடத் தாங்கியிருக்காது.

இதில் இரண்டு செய்திகளை ஆணையம் கவனிக்க வேண்டுகிறேன். முதலாவது, அந்தக் கையிருப்பு இருப்பது மேல்மண்ணில். பெரும்பாலும் மேலே உள்ள சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள். இரண்டாவது, குட்டை வற்றுவது இவ்வுயிர்களுக்குத் தேவை. குட்டை இறாலுக்கு மீனிடமிருந்து தப்பும் வித்தை எதுவும் தெரியாது. ஒளிவதும் இல்லை, கொட்டுவதும் இல்லை, வேகமாக ஓடுவதும் இல்லை. ஆண்டுதோறும் வற்றுவதால் மீன் நிலைக்க முடியாத நீர்தான் அதற்குப் பாதுகாப்பு. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளத்தில் அதற்கு வாழ்வு இல்லை.

இனி, அந்தக் குட்டைகளுக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள்.

ஊரில் நீர்நிலையைக் காப்பது என்றாலே ஆழப்படுத்துவது என்று ஆகிவிட்டது. நூறு நாள் வேலையிலும் சரி, 2022இல் தொடங்கிய அம்ரித் சரோவர் திட்டத்திலும் சரி, இலக்கு கொள்ளளவுதான். அம்ரித் சரோவரில் ஒரு குளத்துக்குக் குறைந்தது ஒரு ஏக்கர் பரப்பும் ஏறத்தாழ 10,000 கன மீட்டர் கொள்ளளவும் வேண்டும் என்பது வரையறை. கண்மாய்க்கும் ஊருணிக்கும் இது பொருந்தும்; தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. வண்டல் எடுத்து வயலில் போடுவது நம் முன்னோர் வழக்கம். அதற்கு அரசு அனுமதி தந்ததும் சரியே. ஆனால் முழங்கால் ஆழம்கூட இல்லாத, இருபது சென்ட் பரப்புள்ள ஒரு மழைக்குட்டையில் மண் அள்ளும் இயந்திரம் இறங்கினால், முதல் மணி நேரத்திலேயே மேல்மண் முழுவதும் டிராக்டரில் ஏறிவிடுகிறது. எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்ந்த முட்டைகள் அதனுடன் போகின்றன. பிறகு அந்த ஆழத்தில் நீர் ஆண்டு முழுவதும் நிற்கிறது. மீன் குஞ்சு விடுகிறார்கள். ஜிலேபிக் கெண்டை எப்படியோ வந்து சேர்கிறது. பலகையில் "நீர்நிலை மேம்பாடு" என்று எழுதியிருக்கும்.

நான் மாணவர்களை அழைத்துப்போய்க் குட்டை இறாலைக் காட்டிய ஒரு பள்ளத்துக்கும் இதுவே நடந்தது. நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். கரையில் கல் பதித்து, நடைபாதை போட்டு, வேப்பங்கன்றும் நட்டார்கள். அடுத்த கார்த்திகையில் பிள்ளைகள் கிண்ணத்தில் மொண்டபோது அதில் கொசு மீன் மட்டுமே இருந்தது.

கொசு மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பூசியா எனப்படும் அந்த அமெரிக்க மீன் 1928இல் கொசுப்புழுவை ஒழிக்க இந்தியாவுக்கு வந்தது. உலகின் மிகக் கேடான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிர்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. கொசுப்புழுவோடு அது நிற்பதில்லை. தலைப்பிரட்டை, நீர்த்தெள்ளு, குட்டை இறால் என்று வாய்க்குள் அடங்குவதெல்லாம் அதற்கு இரை. மழைக்காலம் தொடங்கியதும் தேங்கிய நீர் எல்லாவற்றிலும் கணக்கு வைத்து இந்த மீனை விடுவது நம் உள்ளாட்சிகளில் வழக்கமாகியிருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர்வது வீட்டைச் சுற்றியுள்ள டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மூடாத தொட்டியிலும். தரிசுக் காட்டுப் பள்ளத்தில் அல்ல. நகரத்து மலேரியாவின் கொசு மேல்நிலைத் தொட்டிகளையும் கிணறுகளையும் தேடிப்போகிறது. கிராமப்புற மலேரியாவைப் பரப்பும் கொசு மழைத் தேக்கங்களிலும் முட்டையிடும் என்பதை நான் மறைக்கவில்லை. வீடுகளை ஒட்டிய தேக்கத்தில் கொசுவைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள குட்டையில் அந்த வேலையை முதுகு நீச்சல் பூச்சிகளும் நீர் வண்டுகளும் தட்டான் குஞ்சுகளும் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றையும் சேர்த்து அழிக்கிற மீனை அங்கே கொண்டுபோய் விட வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாறைக் குழிகள் கிரானைட் குவாரியில் பாறையோடு போகின்றன. சாலையோரப் பள்ளங்கள் கட்டட இடிபாடு கொட்டும் இடங்களாகின்றன. தரிசு என்று எழுதப்பட்ட நிலம் மனைப்பிரிவாகும்போது, அதிலிருந்த குட்டையைப் பற்றி ஒருவரும் தடை சொல்ல முடிவதில்லை. ஏனெனில் நிலத்தின் வகையைக் குறிக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு அல்ல. மே மாதம் நிலத்தைப் பார்வையிட வரும் அலுவலர் கண்ணில் படுவது வெடித்த தரை மட்டுமே.

இங்கேதான் ஆணையம் வருகிறது. 2017ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் பாதுகாப்பு, மேலாண்மை விதிகளில் ஈரநிலத்துக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தை எடுத்துப் பாருங்கள். இயற்கையானதோ செயற்கையானதோ, நிரந்தரமானதோ தற்காலிகமானதோ என்று அது தெளிவாகச் சொல்கிறது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் உப்பு உற்பத்திக்கும் வெட்டியவற்றையும், நெல் வயல்களையும், ஆற்றுப் படுகைகளையும் அது விலக்குகிறது. மழைநீர் தானாகத் தேங்கும் இயற்கைப் பள்ளத்தை அது விலக்கவில்லை. மாநிலத்தின் எல்லா ஈரநிலங்களையும் பட்டியலிடுவதும், மின்னணுக் கணக்கெடுப்பு நடத்தி 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதும் ஆணையத்தின் கடமை என்றும் அதே விதிகள் சொல்கின்றன. சட்டத்தில் இடம் இருக்கிறது. நடைமுறையில்தான் இல்லை.

காரணம் அளவுகோல். அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011இல் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றைத்தான் முழுமையாக வரைந்தது. அதற்குச் சிறியவை ஐந்தரை லட்சத்துக்கும் மேல், வெறும் புள்ளிகளாக நின்றன. 2017இல் உச்ச நீதிமன்றம் காக்கச் சொன்ன 2,01,503 ஈரநிலங்களும் அந்தப் பெரிய வகையைச் சேர்ந்தவையே. சில வாரம் மட்டுமே நீர் நிற்கிற இருபது சென்ட் பள்ளம் அந்தப் புள்ளிகளில் ஒன்றாகக்கூட ஆகியிருக்க வாய்ப்பு குறைவு. செயற்கைக்கோளைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கணக்கெடுப்பை மழை நின்ற மறுவாரம் காலால் நடந்து எடுக்க வேண்டும்.

வேறு நாடுகளில் இது நடக்கிறது. கலிபோர்னியாவில் குளிர்கால மழையில் நிறைந்து வசந்தத்தில் வற்றும் குட்டைகள் உண்டு. அங்கு வாழும் மூன்று குட்டை இறால் இனங்களையும் ட்ரையாப்ஸின் உறவினம் ஒன்றையும் 1994இல் அமெரிக்க அரசு அழிவாபத்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அத்தகைய நிலத்தில் வீடு கட்ட வருபவர் ஈரமான பருவத்தில் குட்டையைச் சோதித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. விரல் நுனி அளவுள்ள உயிருக்காக ஒரு கட்டுமானத்தை நிறுத்தி யோசிக்க அவர்களால் முடிகிறது என்றால் நம்மாலும் முடியும். நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் குட்டை இறால் எதற்கும் இடமில்லை. அதை மாற்றுவது ஒன்றிய அரசின் வேலை என்பதால் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் கையில் உள்ளதை மட்டும் கேட்கிறேன்.

வறண்ட மாவட்டங்களான மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், புதுக்கோட்டை ஆகியவற்றில் முதலில் தொடங்குங்கள். ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரே ஒரு மழைக்குட்டையை, ஒரு பாறைச் சுனை இருந்தால் அதையும் சேர்த்து, ஆழப்படுத்தாத குட்டை என்று அறிவியுங்கள். அதில் மண் எடுக்கக் கூடாது, மீன் விடக் கூடாது, கரையில் கல் பதிக்கக் கூடாது. ஆடுமாடு குடிக்கலாம், இறங்கலாம். குளம்பு படுவதால் முட்டைக்குக் கேடில்லை, ஒரு குட்டையின் முட்டை இன்னொரு குட்டைக்குப் போவதே பல நேரம் அப்படித்தான். ஒரு பைசா செலவில்லாத பாதுகாப்பு இது. எதையும் செய்யாமல் விடுவதற்கு ஓர் ஆணை மட்டும் வேண்டும். நீர்ப்பற்றாக்குறை உள்ள ஊரில் ஒரு பள்ளத்தை ஆழப்படுத்தாமல் விடச் சொல்கிறேனே என்று எவரேனும் கேட்டால், அந்த ஊரின் கண்மாயையும் ஊருணியையும் வரத்துக்கால்களையும் முதலில் நன்றாகத் தூர்வாரட்டும் என்பதே என் பதில். ஊரின் தாகத்தைத் தீர்க்கும் நீர் அங்கேதான் நிற்கும். முழங்கால் ஆழப் பள்ளத்தில் அல்ல.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் எழுத வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்தக் குட்டைகளைச் சேர்க்கச் சொல்லி, பல்லுயிர் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். யாரைக் கேட்டு எழுதுவது என்று தயங்க வேண்டியதில்லை. எந்தப் பள்ளம் எத்தனை நாள் நிற்கும், எதில் மீன் இருக்காது, எதில் முதல் மழையன்றே தவளை கத்தும் என்று ஆடு மேய்க்கும் அம்மாக்களும் ஐயாக்களும் சொல்வார்கள். எங்கள் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அதன் குன்றுகளோடு சுனைகளும் பேசப்பட்டன. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக அந்த ஊர் மக்கள் எழுந்து நின்று, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்ததையும் பார்த்தோம். அந்தச் சுனைகளிலும் பாறைக் குழிகளிலும் நீந்துபவை எவையெவை என்ற முழுக் கணக்கெடுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.

பள்ளிகளையும் இதில் இழுத்துக்கொள்ளுங்கள். வைகாசியில் காய்ந்த குட்டையின் நடுவிலிருந்து இரண்டு கை மண் அள்ளி வரச் சொல்லுங்கள். வாய் அகன்ற பிளாஸ்டிக் தட்டில் அதைப் பரப்பி, மழைநீரோ குளோரின் கலக்காத கிணற்று நீரோ நான்கு விரல் உயரத்துக்கு ஊற்றி, வெளிச்சம் படும் சன்னலில் வைத்தால் போதும். மண்ணில் முட்டை இருந்தால் மூன்றாம் நாள் காலையில் நீரில் வெண்புள்ளிகள் துடிக்கும். அவை குட்டை இறாலா நீர்த்தெள்ளா என்று இரண்டாம் வாரத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். பார்த்து முடித்ததும் மண்ணையும் நீரையும் எடுத்த குட்டையிலேயே கொட்டச் சொல்லுங்கள். ஒரு மாவட்டத்தின் பள்ளிகள் ஒரு கோடைவிடுமுறைக்குப் பின் இதைச் செய்தால், எந்தக் குட்டையின் மண்ணில் உயிர் இருக்கிறது என்ற வரைபடம் உங்கள் மேசைக்கு வந்துவிடும். எந்த ஆலோசனை நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் கொடுக்க வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக ஊரக வளர்ச்சித் துறை தன் அடுத்த வேலைப் பட்டியலை இறுதி செய்யும். ஆழப்படுத்தும் பணிகளில் அரை ஏக்கருக்கும் குறைவான இயற்கைப் பள்ளங்களை நிறுத்திவைக்குமாறு அந்தத் துறைக்கு ஆணையம் இந்த ஆண்டே ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். கணக்கெடுப்பு முடியும்வரை நிறுத்திவைத்தால் போதும். மேலூர் வட்டத்தில் எனக்குத் தெரிந்த குட்டைகளின் இருப்பிடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் அலுவலர்கள் கார்த்திகையில் வந்தால் கூடவே நடந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்